கோடு போட்டு மரம் இழுத்த கதை

போர்னியோ தீவின் வடமுனையில் இருக்கிறது மலேசியாவின் சபா மாநிலம். 1980-களில் அங்கே காட்டுக்குள் புல்டோசர் ஓட்டியவரின் ஒரு நாள் வேலை ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. ரம்பக்காரர்கள் முன்னால் போய்ப் பெரிய மரங்களைச் சாய்த்துவிட்டு அடுத்த சரிவுக்கு நகர்ந்திருப்பார்கள். எந்த மரம் எங்கே விழுந்தது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஓட்டுநர் லாரி ரோட்டிலிருந்து வண்டியைத் திருப்புவார், முன்பக்கத் தகட்டை இறக்குவார், காட்டுக்குள் நுழைவார். விழுந்த மரத்தை அவர்தான் தேட வேண்டும். நடந்து போய்த் தேடலாம். ஆனால் அட்டைக்கடி, சேறு, வழுக்கல். இருபது டன் வண்டியில் உட்கார்ந்தபடி தேடுவது எவ்வளவோ சுகம். குறுக்கே நிற்கிற இளமரங்கள் தகட்டுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு தடி கண்ணில் பட்டதும் கம்பிவடத்தைச் சுற்றி ரோட்டுக்கு இழுத்து வருவார். போன வழி சேறாகிப்போயிருக்கும். எனவே அடுத்த தடிக்கு வேறு வழி. கூலி, வெளியே வந்த மரத்தின் கன அளவுக்கு.

அந்த ஓட்டுநரைத் திட்டி என்ன பயன்? அவர் கையில் ஒரு காகிதம் இல்லை, அவ்வளவுதான். எந்தெந்த மரம் எங்கே நிற்கிறது, எது வெட்ட வேண்டியது, எந்தப் பக்கம் சாயும், அதை எந்த வழியாக வெளியே கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே வரைந்து தந்த ஒரு காகிதம். மரம் வெட்டும் தொழிலுக்குப் பல நூற்றாண்டு வயது; இந்தக் காகிதத்துக்கு நாற்பது, ஐம்பது வயதுதான். இழுவைப் பாதை வரைபடம் என்று அதைச் சொல்லலாம். அது பிறந்தது ஒரே ஊரில் அல்ல. மூன்று கண்டங்களில் பிறந்தது, ஓரிடத்தில் பிறந்த கையோடு போரில் மாட்டிக்கொண்டது, இன்னோரிடத்தில் காட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மின்சாரக் கம்பெனி காசு கொடுத்து அதை வளர்த்தது.

ஆட்களும் விலங்குகளும் மரம் இழுத்த காலத்தில் இப்படி ஒரு காகிதம் யாருக்கும் தேவைப்படவில்லை. போர்னியோவில் மரச்சட்டங்களை வரிசையாகப் போட்டு, சறுக்குவண்டியில் தடியை ஏற்றி, ஆட்களே கயிறு கட்டி இழுத்தார்கள். குடா-குடா என்று அதற்குப் பெயர். நம் ஆனைமலையில் யானைகள் இழுத்தன. மலை விளிம்பிலிருந்து தடிகளைச் சறுக்கிவிட்ட இடம்தான் இன்றைக்கு டாப்சிலிப். இந்த முறைகளிலெல்லாம் ஒரு கட்டுப்பாடு தானாகவே இருந்தது. பத்தடி கூடுதலாக இழுத்தால் வலி இழுக்கிறவனுக்கு. அதனால் பாதை குறுகலாக, நேராக, ஏற்றம் இல்லாத இடமாகப் பார்த்து அமைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சங்கிலிச் சக்கர டிராக்டர்கள் காட்டுக்கு வந்ததும் அந்த வலி போய்விட்டது. டீசலுக்குக் கால் கடுக்காது.

திட்டமிடும் எண்ணம் முதலில் வந்தது காட்டின் மேல் உள்ள அக்கறையால் அல்ல, கணக்குப் புத்தகத்திலிருந்து. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வனவியல் பேராசிரியராக இருந்த டொனால்ட் மேத்யூஸ் 1942-ல் மர அறுவடையில் செலவைக் கட்டுப்படுத்துவது பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: காட்டில் லாரி ரோடுகளை எவ்வளவு தூரத்துக்கு ஒன்றாகப் போடுவது?

கற்பனைக் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது விளங்கிவிடும். ஒரு கிலோமீட்டர் ரோடு போட பத்து லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேரில், அதாவது சுமார் இரண்டரை ஏக்கரில், 40 கன மீட்டர் மரம் கிடைக்கிறது. ஒரு கன மீட்டர் மரத்தை நூறு மீட்டர் இழுக்க நூறு ரூபாய். ரோடுகளை 500 மீட்டருக்கு ஒன்றாகப் போட்டால் ஒவ்வொரு கிலோமீட்டர் ரோடும் 50 ஹெக்டேருக்குத்தான் உதவும். 2,000 கன மீட்டர் மரம். ரோட்டுச் செலவு கன மீட்டருக்கு 500 ரூபாய். இழுக்கும் தூரம் சராசரி 125 மீட்டர், அதற்கு 125 ரூபாய். மொத்தம் 625. ரோடுகளை இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போட்டால் கதை தலைகீழ்: ரோட்டுக்கு 125, இழுவைக்கு 500. மறுபடியும் 625. சரியாக ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் ரோட்டுக்கு 250, இழுவைக்கு 250, மொத்தம் 500. இரண்டு செலவும் சமமாகும் இடத்தில்தான் கூட்டுத்தொகை ஆகக் குறைவாக இருக்கும். மேத்யூஸின் சூத்திரத்தின் உயிர்நாடி இதுதான். காடு சார்ந்த பொறியியல் வகுப்புகளில் இன்றும் இதைச் சொல்லித் தருகிறார்கள்.

ஆனால் இந்தக் கணக்கில் காடு ஒரு தட்டையான வயல். மரங்கள் எங்கும் சமமாக நிற்கின்றன, ஓடை இல்லை, சரிவு இல்லை, சதுப்பு இல்லை. வெப்பமண்டலக் காட்டில் விலைபோகும் மரம் ஒரு ஹெக்டேரில் ஐந்தோ எட்டோ நிற்கும். அதுவும் ஒரு மேட்டில் நான்கு சேர்ந்து நிற்கும், அடுத்த பள்ளத்தில் ஒன்றுகூட இருக்காது. சூத்திரம் தருகிற இடைவெளியை வைத்துக்கொண்டு ஓட்டுநருக்கு வழி சொல்ல முடியாது. இன்னொன்றையும் அது கணக்கில் எடுக்கவில்லை. அதை எடுத்தவர் வேறொருவர்.

வடக்கு போர்னியோ, அதாவது இன்றைய சபா, அப்போது பிரிட்டிஷ் காலனி. அங்கே வனத்துறையில் பணியாற்றிய டி.ஐ. நிக்கல்சன் 1958-ல் மலாயன் ஃபாரஸ்டர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். வெட்டிய மரத்தை எண்ணுவது எல்லாக் காட்டிலும் வழக்கம். காசு அதில்தானே இருக்கிறது. நிக்கல்சன் வெட்டாத மரங்களை எண்ணினார். அறுவடை முடிந்த காட்டில் நடந்து, எத்தனை ஒடிந்தன, எத்தனை பட்டை உரிந்தன, எத்தனை வேரோடு சாய்ந்தன என்று கணக்கெடுத்தார். அடுத்த முப்பது ஆண்டுகளில் உலகெங்கும் நடந்த இத்தகைய கணக்கெடுப்புகளுக்கு முன்னோடிகளில் இதுவும் ஒன்று. பத்தாண்டு கழித்து 1968-ல், அதே சபாவில் ஜே.ஈ.டி. ஃபாக்ஸ் கொடிகளைப் பற்றி எழுதினார். மழைக்காட்டில் தடித்த கொடிகள் பக்கத்துப் பக்கத்து மரங்களின் உச்சியைக் கட்டிப்போட்டிருக்கும். ஒன்றைச் சாய்த்தால் கூடவே மற்றவையும் இழுபட்டு வரும். பல மாதங்களுக்கு முன்பே கொடிகளை அறுத்துவிட்டால் அவை காய்ந்து உதிர்ந்துவிடும், மரம் தனியாக விழும்.

இரண்டு கட்டுரைகளும் சொன்ன சேதி ஒன்றுதான்: சேதம் விதியல்ல. முன்கூட்டியே வேலை செய்தால் குறைக்கலாம்.

அந்த முன்கூட்டிய வேலைகளையெல்லாம் ஒரே முறையாகக் கோத்தது தென் அமெரிக்காவின் வடகரையில் இருக்கும் சூரினாம். டச்சுக் காலனியாக இருந்து 1975-ல் விடுதலை பெற்ற சிறிய நாடு. நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு காடு. நெதர்லாந்தின் வாகனிங்கன் வேளாண் பல்கலைக்கழகம் அங்கே செலோஸ் என்ற ஆய்வு நிலையத்தை நிறுவியிருந்தது. கபோ என்ற இடத்தில் காட்டைச் சதுரங்களாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஆய்வாளர்களில் டி கிராஃப் காடு மறுபடி வளர்வதைப் பார்த்தார், யாங்கர்ஸ் சேதத்தை அளந்தார், ஹென்ட்ரிசன் இழுவையை எடுத்துக்கொண்டார். அறுவடையால் வரும் சேதத்தைக் கட்டுப்படுத்துவது பற்றிய ஹென்ட்ரிசனின் ஆய்வேடு 1990-ல் வெளியானது. நம் காகிதம் முழு வடிவத்தில் இருப்பது அதில்தான்.

செலோஸ் முறையை அருகில் போய்ப் பார்க்கலாம். அறுவடைக்கு மிக முன்பே ஆட்கள் காட்டுக்குள் இணையான கோடுகளாக நடைவழி வெட்டுகிறார்கள். அந்தக் கோடுகளுக்கு இடையே நடந்து, விலைபோகும் ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்ட தகடு அடிக்கிறார்கள். இனம், சுற்றளவு, கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் என்று குறித்துக்கொள்கிறார்கள். ஓடை, சதுப்பு, சரிவு எல்லாம் கூடவே குறிக்கப்படும். முகாமுக்குத் திரும்பி இவற்றைத் தாளில் ஏற்றினால் புள்ளிகள் சிதறிய ஒரு படம் கிடைக்கும். இனிமேல்தான் கோடு. லாரி ரோட்டில் தடி சேர்க்கும் களம் ஒன்று. அங்கிருந்து ஒரு தாய்ப் பாதை, அதிலிருந்து கிளைப் பாதைகள், இலை நரம்பு பிரிவது மாதிரி. எந்தப் புள்ளியும் ஏதாவது ஒரு கிளையிலிருந்து வின்ச் கம்பிவடம் எட்டும் தூரத்தில் இருந்தால் போதும். ஒவ்வொரு மரத்தடிக்கும் பாதை போக வேண்டியதில்லை.

பிறகு அந்தக் கோட்டைக் காட்டில் இறக்குகிறார்கள். மரங்களில் வண்ணம் பூசி, நாடா கட்டி, பாதையைக் குறிக்கிறார்கள். இழுவைப் பாதையைத் திறந்த பிறகே ரம்பக்காரர் வருகிறார். அவர் மரத்தை நினைத்த பக்கம் சாய்த்துவிடக் கூடாது. பாதைக்கு நாற்பது, நாற்பத்தைந்து பாகை கோணத்தில் சாய்க்க வேண்டும். அப்படி விழுந்தால், இழுக்கும்போது தடி பெரிதாகத் திரும்பாமல் பாதைக்குள் வழுக்கிக்கொண்டு வரும். செங்குத்தாக விழுந்தால் திரும்பும்போது சுற்றியுள்ள இளமரங்களையெல்லாம் அரைத்துவிடும். இழுக்கும் வண்டி பாதையை விட்டு இறங்கவே கூடாது. உதவியாள் கம்பிவடத்தின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் நடந்து போய்த் தடியைக் கட்டுவார். வண்டி நின்ற இடத்திலிருந்தே வின்ச் சுற்றி இழுக்கும். ஓட்டுநர் தேடுவதில்லை. கையில் இருக்கிற படத்தில் 37-ஆம் எண் மரம் எங்கே என்று இருக்கிறது.

ஹெக்டேருக்கு இருபது கன மீட்டர் அளவில் எடுத்துவிட்டு, இருபது இருபத்தைந்து ஆண்டு கழித்தே மறுபடி வெட்ட வேண்டும் என்பது செலோஸ் முறையின் அடிப்படை. காகிதத்தில் அழகாகப் பொருந்தியது. நாட்டில்தான் பொருந்தவில்லை. 1980-ல் சூரினாமில் ராணுவப் புரட்சி. 1982 டிசம்பரில் எதிர்ப்பாளர்கள் 15 பேரை ராணுவ ஆட்சி கொன்றது. நெதர்லாந்து உதவியை நிறுத்தியது. 1986-ல் உள்நாட்டுப் போர் மூண்டு 1992 வரை நடந்தது, அதுவும் காட்டுப் பகுதிகளில். காட்டை எப்படி முறையாக அறுவடை செய்வது என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த ஆய்வேடு அச்சாகி வந்தபோது, அந்த ஆய்வு நடந்த நாட்டின் காட்டில் துப்பாக்கிகள் இருந்தன.

இனி மறுபடியும் சபா. 1992. ரியோவில் புவி உச்சி மாநாடு நடந்த ஆண்டு. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் நியூ இங்கிலாந்து பவர் என்றொரு மின்சாரக் கம்பெனி. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து மின்சாரம் செய்கிறது. கரியமில வாயுவுக்கு என்றாவது கணக்குக் கேட்பார்கள் என்று முன்யோசனை. கியோட்டோ ஒப்பந்தம் வர இன்னும் ஐந்து ஆண்டு இருக்கிறது, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சபாவில் ஏறத்தாழ பத்து லட்சம் ஹெக்டேர் காட்டுக்கு அறுவடை உரிமை வைத்திருந்தது யாயாசான் சபா அறக்கட்டளை. அதன் வணிகப் பிரிவான இன்னோபிரைஸுடன் மின்சாரக் கம்பெனி ஓர் ஒப்பந்தம் போட்டது. 1,400 ஹெக்டேரில் நீங்கள் வழக்கமாக வெட்டுகிற மாதிரி வெட்டாமல், திட்டமிட்டு வெட்டுங்கள். கூடுதல் செலவுக்கு நாங்கள் 4,50,000 டாலர் தருகிறோம். சாகாமல் தப்பும் மரங்களில் தங்கும் கரிமம் எங்கள் கணக்கில்.

வேடிக்கையான பேரம்தான். மரத்தை வெட்ட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வெட்டாத மரத்தைக் கொல்ல வேண்டாம் என்பதற்குத்தான் காசு.

விதிமுறைகளுக்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தைப் பார்த்தார்கள். அங்கே மழைக்காட்டு அறுவடைக்குப் பல ஆண்டு அனுபவத்தில் உருவான கறாரான ஒழுங்குமுறை இருந்தது. 1988-ல் அந்தக் காடுகள் உலகப் பாரம்பரியச் சின்னமானதும் அறுவடையே நின்றுபோனது. வேலை இழந்த விதிமுறைகளுக்குப் போர்னியோவில் வேலை கிடைத்தது. அறுவடைக்கு முன் கொடி அறுப்பு, ஓடைக்கரைகளில் வெட்டாமல் விட வேண்டிய பகுதி, செங்குத்துச் சரிவுகளில் புல்டோசருக்குத் தடை, அங்கீகாரம் பெற்ற வரைபடம் இல்லாமல் வண்டி நகரக் கூடாது என்ற கட்டளை. புளோரிடா பல்கலைக்கழகத்தின் ஃபிரான்சிஸ் புட்ஸும் மிஷல் பினார்டும் ஆய்வை நடத்தினார்கள். பாதிப்பு குறைந்த மர அறுவடை என்று இன்றைக்கு உலகம் சொல்கிற அந்தப் பெயர் 1993-ல் இவர்கள் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கிறது.

முடிவு 1996-ல் வந்தது. வழக்கமான முறையில் வெட்டிய இடங்களில், வெட்டப்படாத மரங்களில் நூற்றுக்கு 41 அழிந்தன. வரைபடத்தோடு வெட்டிய இடங்களில் 15. அறுவடைக்கு முன் காட்டில் இருந்த உயிர்ப்பொருளில் ஓராண்டு கழித்து மிஞ்சியது முதல் வகையில் 44 விழுக்காடு, இரண்டாம் வகையில் 67 விழுக்காடு. அதே இயந்திரங்கள், அதே காடு.

இந்த எண்களை மேற்கோள் காட்டுகிற பலர் இன்னோர் எண்ணை விட்டுவிடுகிறார்கள். வழக்கமான முறையில் ஹெக்டேருக்கு 154 கன மீட்டர் மரம் எடுத்தார்கள். வரைபட முறையில் 104. சரிவுகளையும் ஓடைக்கரைகளையும் விட்டுவிட்டதால் அங்கிருந்த மரம் காட்டிலேயே நின்றது. சேதம் குறைந்ததற்குக் கோடும் காரணம், குறைவாக வெட்டியதும் காரணம். மரம் விற்கிறவன் கண்ணில் அந்த 50 கன மீட்டர் நஷ்டம்தான். சபா மாதிரி மலைப்பாங்கான, மரம் செறிந்த காட்டில் இந்த முறை வெட்டுகிறவருக்கு லாபத்தைக் குறைக்கிறது என்று பின்னால் வந்த செலவுக் கணக்குகளும் காட்டின. மின்சாரக் கம்பெனி கொடுத்தது தானம் அல்ல, இழப்பீடு.

இதற்கு நேர் எதிரான கணக்கு பிரேசிலில் வந்தது. கிழக்கு அமேசானில் பராகோமினாஸ் என்று ஓர் ஊர். பெலெம் நகரையும் தலைநகர் பிரேசிலியாவையும் இணைக்கும் நெடுஞ்சாலையால் உருவான ஊர். 1990 வாக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட மர அறுவை ஆலைகள் இருந்தன. நிலம் பெரும்பாலும் சமதளம். ஹெக்டேருக்கு எடுக்கும் மரமும் போர்னியோவை விட வெகு குறைவு. கிறிஸ்டோபர் உல் என்ற சூழலியலாளரும் பிரேசில் நாட்டு இளம் ஆய்வாளர்களும் சேர்ந்து தொடங்கிய இமாசோன் நிறுவனம் 1990-களில் திட்டமிட்ட அறுவடையையும் திட்டமில்லாததையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது. கூடவே வெப்பமண்டலக் காடு அறக்கட்டளை என்ற அமைப்பு, ஓட்டுநர்களுக்கும் ரம்பக்காரர்களுக்கும் காட்டிலேயே பயிற்சி தர ஆரம்பித்தது. அதன் கௌவாஷி முகாமில் தாமஸ் ஹோம்ஸும் மற்றவர்களும் செய்த செலவு ஆய்வு 2002-ல் வெளிவந்தது. அதில் எனக்குப் பிடித்த பகுதி லாபக் கணக்கு அல்ல, காணாமல் போன மரங்கள்.

வழக்கமான முறையில், சாய்த்த மரங்களில் சிலவற்றை டிராக்டர் கண்டுபிடிக்கவே இல்லை. நூற்றாண்டு வயதுள்ள மரத்தை வெட்டிப் போட்டாயிற்று. ஓட்டுநருக்கு அது எங்கே கிடக்கிறது என்று தெரியாது. ரம்பக்காரர் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார். மரம் அங்கேயே கிடந்து மக்கிப்போகும். இன்னும் சில உயரமான அடிக்கட்டையாக நின்றன, சில தப்பாகச் சாய்த்ததில் பிளந்தன, சில களத்தில் கிடந்தே வீணாயின. எல்லாம் சேர்த்து, எடுத்த மரத்தோடு ஒப்பிட்டால் 24 விழுக்காட்டு அளவு வீண். வரைபட முறையில் இது 7.6 விழுக்காடு. இழுவை வண்டி ஒரு மணி நேரத்தில் வெளியே கொண்டுவந்த மரம் 41 விழுக்காடு கூடியது, தேடுகிற வேலை இல்லாததால். கணக்கெடுப்புக்கும் வரைபடத்துக்கும் ஆன செலவைச் சேர்த்த பின்னும், கன மீட்டருக்கான மொத்தச் செலவு 12 விழுக்காடு குறைந்தது.

அப்படியென்றால் எல்லாரும் இந்த முறைக்கு ஓடி வந்திருக்க வேண்டும். வரவில்லை. 1996-ல் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு, டென்னிஸ் டைக்ஸ்ட்ராவும் ருடால்ஃப் ஹைன்ரிக்கும் எழுதிய மாதிரி நடைமுறைக் கையேட்டை வெளியிட்டது. கையேடு மட்டும் உலகமெங்கும் பரவியது. நான்கே ஆண்டுகளில், 2000-ல், அதே இருவரும் புட்ஸும் சேர்ந்து, மோசமான அறுவடை முறைகள் ஏன் விடாமல் தொடர்கின்றன என்று ஒரு கட்டுரை எழுத வேண்டி வந்தது. கையேடு எழுதியவர்களே அதை ஏன் யாரும் பின்பற்றவில்லை என்று ஆராய்வது, எந்தத் துறையிலும் அடிக்கடி பார்க்கக் கிடைக்கிற காட்சி அல்ல.

நடுவில், பாதைக்குக் கோடு போடும் கணக்கு கணினிக்குப் போய்விட்டது. டைக்ஸ்ட்ரா 1976-ல் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் பட்ட ஆய்வே, அறுவடை அமைப்பைக் கணித நிரலாக்கத்தால் வடிவமைப்பது பற்றியதுதான். ஐம்பது மரப் புள்ளிகளையும் ஒரு களத்தோடு ஆகக் குறைந்த நீளத்தில் இணை என்ற கேள்வி கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். கணிதத்தில் அது ஸ்டைனர் மரம் என்கிற பொல்லாத கணக்கு. புள்ளிகள் கூடக் கூட, பார்க்க வேண்டிய வாய்ப்புகள் கட்டுக்கடங்காமல் பெருகும். கச்சிதமான விடைக்குக் காத்திருக்காமல், நல்ல விடை ஒன்றைச் சீக்கிரம் தருகிற உத்திகளைத்தான் மென்பொருள்கள் கையாளுகின்றன. காட்டைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் கடக்க ஒரு விலை வைக்கிறார்கள்: சமதளம் மலிவு, சரிவு விலை அதிகம், ஓடை அதைவிட அதிகம், சதுப்பு கிட்டத்தட்டத் தடை. பிறகு ஆக மலிவான வழியைக் கணினி தேடுகிறது. அதற்கு அடிப்படை, நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் யோசித்து, 1959-ல் வெளியிட்ட வழிமுறை. கூகுள் மேப் மாதிரியான செயலிகளில் இன்றைக்கு வழி தேடும் உத்திகளுக்கும் அதுதான் மூதாதை. கையேடு எழுதிய டைக்ஸ்ட்ராவும் இவரும் வேறு வேறு ஆட்கள்.

தரவு சேகரிப்பதும் மாறிவிட்டது. முன்பு ஓடைகளையும் மேடுகளையும் ஆள் நடந்து பார்த்துத்தான் குறித்தார்கள். அரசாங்க வரைபடத்தில் சிறு பள்ளங்கள் வருவதே இல்லை. இப்போது விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சி, இலைக்கூரையின் இடுக்குகள் வழியே தரையை அளக்கிறார்கள். பிரேசிலின் அக்ரே மாநிலத்தில் எம்பிராப்பா என்ற ஆய்வு நிறுவனம், ஜி.பி.எஸ். கருவியால் மரத்துக்கு மரம் இருப்பிடம் குறித்துத் திட்டமிடும் முறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. கோடு முன்னை விட நேர்த்தியாகிவிட்டது என்பதில் சந்தேகமில்லை.

லாரி ரோட்டையும் மறந்துவிடக் கூடாது. இழுவைப் பாதை காலப்போக்கில் மூடிக்கொள்ளும், பல ரோடுகள் அப்படியல்ல. மண் ரோடு மழைக்குப் பின் காய வேண்டுமானால் வெயில் படவேண்டும். அதற்காக ரோட்டுக்கு இருபுறமும் மரங்களை வெட்டி அகலமாகத் திறந்துவிடுகிறார்கள். அறுவடை முடிந்ததும் அந்த வழியாக வேட்டைக்காரர்களும் நிலம் தேடுபவர்களும் வருகிறார்கள். காங்கோ படுகையைச் செயற்கைக்கோள் படங்களால் ஆராய்ந்த 2019-ஆம் ஆண்டு ஆய்வு, மர அறுவடை உரிமைப் பகுதிகளில் இருந்த ரோடுகளில் 44 விழுக்காடு கைவிடப்பட்டுக் காடு மூடியிருந்ததாகச் சொல்கிறது. வெளியே அது 12 விழுக்காடுதான். கம்பெனிக்காரர் போட்டு மறந்த ரோடு மூடுகிறது, ஊர்க்காரர் பிடித்துக்கொண்ட ரோடு மூடுவதில்லை. நல்ல திட்டத்தில் ரோடு எங்கே தொடங்குகிறது என்பதோடு, வேலை முடிந்தபின் எப்போது, எந்தப் பாலத்தை எடுத்து அதை மூடுவது என்பதும் எழுதியிருக்க வேண்டும்.

காகிதம் ஏன் பரவவில்லை என்பதற்கு அந்த 2000-ஆம் ஆண்டுக் கட்டுரை பல காரணங்கள் சொன்னது. எனக்கு அவற்றில் ஒன்றுதான் பெரிதாகப் படுகிறது. வரைபடத்தால் மிச்சமாகும் காசு யாருக்குப் போகிறது? தப்பிய இளமரம் முப்பது ஆண்டு கழித்துக் காட்டின் சொந்தக்காரருக்கு. கன மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஓட்டுநருக்கு அதில் ஒரு பைசா கிடையாது. அடுத்த ஆண்டு உரிமம் இருக்குமா என்று தெரியாத காண்ட்ராக்டருக்கும் கிடையாது. உரிமம் குறுகிய காலத்துக்கு இருக்கும் வரை, கூலி கன அளவுக்கு இருக்கும் வரை, மென்பொருள் எவ்வளவு நேர்த்தியான கோடு போட்டாலும் புல்டோசர் தன் பழைய வழியில்தான் போகும்.

சபாவிலேயே டெரமாகோட் என்று 55,000 ஹெக்டேர் காடு இருக்கிறது. முந்தைய தலைமுறையில் கண்டபடி வெட்டிக் களைத்துப்போன காடு. 1989 முதல் ஜெர்மானிய உதவியோடு அதை வனத்துறையே நேரடியாக எடுத்து நடத்தத் தொடங்கியது. வெட்டுவதும் இழுப்பதும் காண்ட்ராக்டர் வேலை. தடி அவருக்குச் சொந்தமில்லை. துறை அதை ஏலத்தில் விற்கிறது. வரைபடத்தை மீறி இழுத்தால் காண்ட்ராக்டருக்கு லாபம் ஏதுமில்லை, சிக்கல்தான். 1997-ல், காட்டை முறையாக நடத்துவதற்கான வனப் பொறுப்பாண்மைக் குழுவின் சான்றிதழ் பெற்ற தென்கிழக்கு ஆசியாவின் முதல் இயற்கை மழைக்காடு அதுதான். தூத்துக்குடியில் இறங்கும் மலேசிய மரத்தில் வாசக்கால் செய்யப்போகிறவர்கள், கடைக்காரரிடம் விலையோடு சேர்த்து அந்தச் சான்றிதழையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.